டிக் ஒன்று சொல்ல, நிரல் வேறொன்று செய்ய

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மாலை. டேட்டாபேஸ் சர்வரைப் புதிய கணினிக்கு மாற்றியிருந்தோம். கணினிப் பெயருக்கு எண் முகவரி சொல்லும் டிஎன்எஸ் என்ற நெட்வொர்க் பதிவேட்டிலும் முகவரியை மாற்றியாகிவிட்டது. டிஎன்எஸ்ஸிடம் விசாரிக்கும் டிக் கட்டளையைப் போட்டால் புதிய முகவரி பளிச்சென்று வருகிறது. எங்கள் நிரல் மட்டும் பிடிவாதமாகப் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. நிறுத்தி மறுபடி ஓட்டினோம். கணினியையே ஒருமுறை அணைத்துப் போட்டோம். ஒன்றும் மாறவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: பெயர்களையும் முகவரிகளையும் எழுதிவைக்கும் அந்தக் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில், மூன்று வருடங்களுக்கு முன்பு யாரோ "சோதனைக்காக" என்று குறிப்புப் போட்டு எழுதிவைத்த ஒரு வரி.

டிக் பொய் சொல்லவில்லை. நான்தான் தவறான ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். டிக், என்எஸ்லுக்கப் போன்ற கருவிகள் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பவை. சாதாரண நிரல் அப்படிக் கேட்பதில்லை. அது, எல்லா நிரல்களுக்கும் பொதுவான வேலைகளைச் செய்துதரும் சி லைப்ரரியைக் கூப்பிட்டு, "இந்தப் பெயருக்கு முகவரி என்ன?" என்று மட்டும் கேட்கிறது. லைப்ரரி கோப்பைப் பார்க்குமா, நெட்வொர்க்கில் விசாரிக்குமா, எந்த வரிசையில் பார்க்கும் என்பதெல்லாம் கேட்டவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அதை அப்படி வைத்தார்கள்.

இந்த ஏற்பாடு ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. பெயர் தேடும் சி ஃபங்ஷன்கள், டிஎன்எஸ்ஸுக்கு மூத்தவை. ஒரு கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிக்கப் பிறந்தவை. பிற்பாடு அவற்றின் தலையில் உலகம் முழுக்க விசாரிக்கும் வேலையை ஏற்றினார்கள். வேலை மாறியது, உருவம் மாறவில்லை. இன்றைக்கும் நாம் படும் அவதிகளில் பாதி அங்கிருந்து வருகிறது.

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் காலத்தில், நெட்வொர்க்கில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே ஒரு உரைக்கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தில் இயங்கிய நெட்வொர்க் தகவல் மையம் அதைப் பராமரித்தது. எலிசபெத் ஃபைன்லரின் குழுதான் அந்தப் பதிவேட்டின் காவலர். புதிதாக ஒரு கணினியைச் சேர்க்க வேண்டுமா, அவர்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அவர்கள் கோப்பில் ஏற்றுவார்கள், மற்றவர்கள் அவ்வப்போது பிரதி எடுத்துக்கொள்வார்கள்.

1983 ஆகஸ்டில் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் வெளியானது. நிரல்கள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ள இன்று நாம் சாக்கெட் என்று அழைக்கும் நிரலாக்க முறை அதில்தான் பரவலாக வெளிவந்தது. அதனுடன் வந்ததுதான், பெயரைக் கொடுத்தால் முகவரி தரும் கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற ஃபங்ஷன். அந்த யூனிக்ஸில் கெட்டேபிள் என்று ஒரு கட்டளை இருந்தது, தகவல் மையத்திலிருந்து பட்டியலை இழுத்துவர. எச்டேபிள் என்று இன்னொன்று, அந்தப் பட்டியலை ஈடிசி அடைவில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பாக மாற்ற. அப்புறம் கெட்ஹோஸ்ட்பைநேம் வந்து அந்தக் கோப்பைப் படிக்கும். அவ்வளவுதான் வேலை.

அதே வருடம் நவம்பரில்தான் பால் மொக்கபெட்ரிஸ் எழுதிய 882, 883 எண்ணுள்ள ஆர்எஃப்சி என்ற இணைய விதிமுறை ஆவணங்கள் வெளியாயின. டிஎன்எஸ்ஸின் பிறப்புச் சான்றிதழ் அவை. மூன்று மாத இடைவெளி. கெட்ஹோஸ்ட்பைநேமை வடிவமைத்தவர்கள் முன்னால் இருந்தது கடவுச்சொல் கோப்பைப் படிக்கும் கெட்பிடபிள்யூநேம் என்ற பழைய ஃபங்ஷனின் மாதிரி. அதையே அச்சாக வைத்து ஒரு குடும்பத்தை வார்த்தார்கள்: கணினிப் பெயர்களுக்குக் கெட்ஹோஸ்ட்பைநேம், சேவைகளின் போர்ட் எண்களுக்குக் கெட்செர்வ்பைநேம், புரோட்டோகால்களுக்குக் கெட்புரோட்டோபைநேம், நெட்வொர்க்குகளுக்குக் கெட்நெட்பைநேம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஈடிசியில் ஒரு கோப்பு.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகப் பிடித்த உறுப்பினர் செட்ஹோஸ்ட்என்ட். பட்டியலை முதலிலிருந்து படிக்கத் தொடங்கு என்று சொல்லும் சின்ன ஃபங்ஷன். "திறந்தே வைத்திரு" என்று ஒரு அளவுரு அதற்கு உண்டு. அடுத்தடுத்துப் பல பெயர்களைத் தேடப்போகிறோம், ஒவ்வொரு முறையும் கோப்பை மூடித் திறக்காதே என்பது அதன் பொருள். டிஎன்எஸ் வந்த பிறகு திறந்துவைக்கக் கோப்பே இல்லை. அந்த அளவுருவை என்ன செய்வது? பொருளை மாற்றினார்கள். "திறந்தே வைத்திரு" என்றால் இனி டிஎன்எஸ் சர்வரோடு ஒரு டிசிபி இணைப்பைப் போட்டு அதைத் திறந்தே வைத்திரு, இல்லையென்றால் இணைப்புப் போடாமல் தனிச் செய்தியாக அனுப்பும் யுடிபியில் கேள். லினக்ஸின் உதவிப் பக்கத்தில் இன்றும் இந்த விளக்கம் இருக்கிறது. குதிரை வண்டியின் சாட்டையை எடுத்துக் காரின் கியராக மாட்டியது போல.

1986-ல் வந்த 4.3 பிஎஸ்டியில் இந்த மாற்றம் முறையாக நடந்தது. ஹோஸ்ட்ஸ் கோப்பா, டிஎன்எஸ்ஸா என்பதை லைப்ரரியைக் கட்டும்போதே தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் இன்னொன்று. பழைய விடை ஸ்ட்ரக்சரில் ஒரு முகவரிக்கு மட்டுமே இடம் இருந்தது. டிஎன்எஸ்ஸில் ஒரு பெயருக்குப் பல முகவரிகள் இருக்கலாமே? ஒற்றை முகவரி இருந்த இடத்தில் முகவரிப் பட்டியலை வைத்தார்கள். ஏற்கெனவே எழுதிய நிரல்கள் உடையாமலிருக்க, பழைய பெயரைச் சொன்னால் பட்டியலின் முதல் முகவரியைக் குறிக்கும் என்று ஒரு மேக்ரோவும் சேர்த்தார்கள். விளைவு? பட்டியலில் எத்தனை முகவரி வந்தாலும் முதலாவதை மட்டும் எடுத்து, அது கிடைக்காவிட்டால் கைவிரிக்கும் நிரல்களைப் பல தலைமுறைகள் எழுதித் தள்ளின. பாடப்புத்தகங்களும் அதையே கற்பித்தன. நானும் கல்லூரியில் அப்படித்தான் எழுதினேன்.

நினைவக விஷயத்துக்கு வருவோம். கெட்ஹோஸ்ட்பைநேம் திருப்பித் தரும் பாயிண்டர், லைப்ரரி தனக்குள் வைத்திருக்கும் ஒரே ஒரு இடத்தைக் காட்டுகிறது. அடுத்த முறை கூப்பிட்டால் அதே இடத்தில் மேலெழுதிவிடும். ஒருவர் மட்டும் எழுதும் சிலேட்டு என்றால் பரவாயில்லை. ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பல த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் கூப்பிட்டால், ஒருவர் கேட்ட கேள்விக்கு இன்னொருவரின் விடை வந்து நிற்கும். கெட்ஹோஸ்ட்பைநேம் ஆர் என்ற மாற்று வடிவம் பிற்பாடு வந்தது, ஆனால் ஒவ்வொரு யூனிக்ஸும் அதற்கு வெவ்வேறு அளவுருக்களை வைத்துக்கொண்டன. முகவரியை எழுத்தாக்கும் ஐநெட் என்டுஓஏ ஃபங்ஷனுக்கும் இதே நோய்தான். ஒரே பிரிண்ட்எஃப் வரியில் இரண்டு முகவரிகளுக்கு அதை இரண்டு முறை கூப்பிட்டால், திரையில் ஒரே முகவரி இரண்டு தடவை வரும். பிழை எங்கே என்று புரியாமல் நெட்வொர்க் கேபிளைச் சந்தேகிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போர்ட் எண்ணைத் தேடும் கெட்செர்வ்பைநேம் தரும் எண் நெட்வொர்க் பைட் வரிசையில், அதாவது பெரிய பைட் முதலில் வரும்படி இருக்கும். இன்டெல் கணினி தலைகீழாகப் படிக்கும். இன்டெல் கணினியில் அதை மாற்றாமல் அச்சடித்தால் எச்டிடிபிக்கு 80 என்பதற்குப் பதில் 20480 என்று வரும். இந்த எண்ணைத் திரையில் பார்த்ததும் சிரிக்கிறவர் அனுபவசாலி என்று பொருள்.

பெயருக்குப் பதிலாக எண் முகவரியையே கொடுத்தால்? அப்போதும் வேடிக்கை உண்டு. நான்கு பகுதிகள், நடுவில் புள்ளி என்று நாம் நினைக்கிறோம். பெர்க்லியின் ஐநெட் ஏடுஓஎன் அவ்வளவு கறாரானதில்லை. 127.1 என்று கொடுத்தால் 127.0.0.1 என்று எடுத்துக்கொள்ளும். 2130706433 என்று ஒரே எண்ணாகக் கொடுத்தாலும் அதேதான். பூஜ்யத்தில் தொடங்கினால் எட்டின் அடிமான எண் என்று கொள்ளும். அதனால் அழகுக்காக 010.0.0.1 என்று எழுதினால் நீங்கள் பேசப்போவது 10.0.0.1 உடன் இல்லை, 8.0.0.1 உடன். முகவரிகளைச் சலித்துப் பார்த்து உள்நெட்வொர்க்குக்குப் போகாமல் தடுக்கும் நிரல்களை ஏமாற்ற இந்தத் தாராள மனப்பான்மையைப் பலர் பயன்படுத்தியிருக்கிறார்கள். சலிப்பவர் ஒருவிதமாகப் படிக்கிறார், லைப்ரரி இன்னொருவிதமாகப் படிக்கிறது. பிற்பாடு வந்த ஐநெட் பிடுஓஎன் நான்கு பகுதி தசம எண்களைத் தவிர வேறெதையும் ஏற்காது. முகவரியைச் சரிபார்க்க வேண்டுமென்றால் அதைத்தான் நம்ப வேண்டும்.

"இது பெயரா, எண் முகவரியா?" என்று பார்க்கும் அந்தச் சின்னச் சோதனைதான் 2015 ஜனவரியில் பெரிய பரபரப்பானது. லினக்ஸில் பரவலாக இருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சியில், கெட்ஹோஸ்ட்பைநேம் கொடுக்கப்பட்ட சொல் வெறும் இலக்கங்களாலும் புள்ளிகளாலும் ஆனதா என்று முதலில் பார்க்கும். அப்படியென்றால், டிஎன்எஸ்ஸை எழுப்பாமல் தானே விடையைத் தயாரித்துக் கொடுத்துவிடும். அந்த விடைக்கு எவ்வளவு இடம் தேவை என்று கூட்டும்போது, மாற்றுப் பெயர்களுக்கான ஒரு பாயிண்டரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள். 32 பிட் கணினியில் 4 பைட், 64 பிட்டில் 8 பைட் குறைகிறது. மளிகைக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போனது மாதிரிதான். ஆனால் ஆயிரத்துக்கு மேற்பட்ட இலக்கங்களைப் பெயர் என்று சொல்லி அனுப்பினால், அந்த 4 அல்லது 8 பைட் ஹீப் நினைவகத்தின் அடுத்த வீட்டில் வழியும்.

கணினிப் பாதுகாப்பு நிறுவனமான குவாலிஸ் இதற்கு கோஸ்ட் என்று பெயர் வைத்தது. கெட்ஹோஸ்ட் என்பதிலிருந்து உருவிய பெயர், பேய் என்றும் பொருள்படும். அவ்வளவு சிறிய கசிவை வைத்துக்கொண்டு எக்ஸிம் மின்னஞ்சல் சர்வருக்குள் வெளியிலிருந்தே நுழைய முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். மின்னஞ்சல் அனுப்ப வருபவர் "நான் இன்ன கணினி" என்று முதலில் சொல்ல வேண்டும், சில அமைப்புகளில் எக்ஸிம் அந்தப் பெயரைச் சரிபார்க்கக் கெட்ஹோஸ்ட்பைநேமைக் கூப்பிடும், அவ்வளவு போதும். பிழை நுழைந்தது 2000 நவம்பரில் வந்த ஜிலிப்சி 2.2 பதிப்பில். 2013 மே மாதமே ஒருவர் அதைச் சரிசெய்துவிட்டார். ஆனால் அது பாதுகாப்புப் பிழை என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் நெடுங்கால ஆதரவு தரும் லினக்ஸ் வெளியீடுகள் பழைய பதிப்பிலேயே இருந்துவிட்டன. மருந்து அலமாரியிலேயே இருந்தும், நோயென்று தெரியாததால் யாரும் குடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் பலர் சொன்ன ஆறுதல்: "நாங்கள் புதிய ஃபங்ஷனான கெட்அட்ரின்ஃபோவுக்கு மாறிவிட்டோம், எங்களுக்குப் பாதிப்பில்லை." அந்த ஆறுதலுக்கு ஆயுள் ஒரு வருடம். 2016 பிப்ரவரியில் கூகுள், ரெட்ஹேட் பொறியாளர்கள் கெட்அட்ரின்ஃபோவிலேயே ஓட்டை இருப்பதை அறிவித்தார்கள். முகவரிகளின் பழைய வகையான ஐபிவி4, புதிய வகையான ஐபிவி6 இரண்டுக்குமான கேள்விகளை அது ஒன்றாக அனுப்பும். விடைகளுக்கென்று ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் 2048 பைட் ஒதுக்கிவைக்கும். விடை அதைவிடப் பெரிதானால் புதிய இடம் பிடிக்கும். சில சூழ்நிலைகளில் புதிய இடத்தின் அளவை வைத்துக்கொண்டு பழைய இடத்திலேயே எழுதிவிடும். இதுவும் 2008-ல் வந்த 2.9 பதிப்பிலிருந்து இருந்தது. இது கோஸ்ட்டைவிட மோசம் என்பது என் எண்ணம். கோஸ்ட்டுக்குப் பலியாக, நிரல் அந்நியர் கொடுக்கும் விசித்திரமான பெயரைத் தேட வேண்டும். இதற்கு, தாக்குபவர் கட்டுப்படுத்தும் ஒரு டொமைன் பெயரைத் தேடினாலே போதும்.

கெட்அட்ரின்ஃபோ ஏன் வந்தது? ஐபிவி6-க்காக. கெட்ஹோஸ்ட்பைநேமிடம் "எந்த வகை முகவரி வேண்டும்" என்று சொல்லவே வழியில்லை. 1997-ல் வந்த 2133 எண் ஆர்எஃப்சியில் கெட்அட்ரின்ஃபோ இடம்பெற்றது, யூனிக்ஸ்களுக்குப் பொதுவான போசிக்ஸ் தரநிலையின் 2001 பதிப்பில் ஏறியது. அதே தரநிலை கெட்ஹோஸ்ட்பைநேமை வழக்கொழிந்தது என்று குறித்தது. 2008 பதிப்பில் பெயரையே எடுத்துவிட்டார்கள். எடுத்தும் என்ன, எல்லா லைப்ரரியிலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

புதியவரின் குணம் நல்ல குணம். கணினிப் பெயரையும் சேவைப் பெயரையும் ஒன்றாகக் கொடுக்கலாம். விடை ஒரு சங்கிலிப் பட்டியலாக வரும். ஒவ்வொரு கண்ணியிலும் சாக்கெட்டைத் திறக்க, இணைக்கத் தேவையான எல்லாமே இருக்கும். போர்ட் எண் சாக்கெட்டுக்குத் தேவையான பைட் வரிசையிலேயே உள்ளே இருக்கும், நாம் அதைத் தொடத் தேவையில்லை. நினைவகம் உங்களுக்கே சொந்தம், வேலை முடிந்ததும் ஃப்ரீஅட்ரின்ஃபோவைக் கூப்பிட்டு விடுவிக்க வேண்டும். பல த்ரெட்டுகளில் பயமில்லாமல் கூப்பிடலாம். கண்ணிகளை வரிசையாக முயன்று, எது இணைகிறதோ அதோடு பேசுவதுதான் சரியான பழக்கம்.

முதல்முறை பயன்படுத்துகிறவர் திகைக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே முகவரி மூன்று தடவை வரும். டிஎன்எஸ்ஸில் ஏதோ கோளாறு என்று நினைக்கத் தோன்றும். கோளாறில்லை. எந்த வகைச் சாக்கெட் வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று, ரா சாக்கெட்டுக்கு ஒன்று என்று மூன்றையும் கொடுத்துவிட்டது. குறிப்பில் சாக்கெட் வகையைச் சொன்னால் ஒன்றோடு நிற்கும்.

பட்டியலின் வரிசையும் டிஎன்எஸ் தந்த வரிசை இல்லை. ஐபிவி4-ஐ முன்னால் வைப்பதா, ஐபிவி6-ஐயா, எந்த முகவரி நமக்கு அருகில் என்பதற்கெல்லாம் 2003-ன் 3484 எண் ஆர்எஃப்சியும், அதன் இடத்துக்கு 2012-ல் வந்த 6724-உம் விதிகள் வகுத்துள்ளன. அந்த விதிகளுக்கு, ஒவ்வொரு முகவரிக்கும் நம் கணினி எந்த மூல முகவரியிலிருந்து பேசும் என்று தெரிய வேண்டும். ஜிலிப்சி இதற்கு ஒரு தந்திரம் செய்கிறது. ஒவ்வொரு முகவரிக்கும் யுடிபி சாக்கெட் ஒன்றை "இணைத்து", இயங்குதளத்தின் மையமான கர்னல் எந்த மூல முகவரியைத் தேர்ந்தது என்று கேட்டுக்கொள்கிறது. யுடிபியில் இணைத்தால் ஒரு பாக்கெட்டும் வெளியே போகாது. நிரல் கர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்டிரேஸில் பார்ப்பவர்கள், "நம் நிரல் ஏன் இத்தனை முகவரிகளுக்கு இணைப்புப் போடுகிறது?" என்று பதறுவது இதைப் பார்த்துத்தான்.

3484-ன் ஒன்பதாம் விதி மட்டும் வம்பை இழுத்துவந்தது. நம் முகவரியோடு தொடக்க பிட்டுகள் அதிகம் ஒத்துப்போகும் முகவரியை முன்னால் வை என்கிறது அது. ஐபிவி6-ல் ஓரளவு அர்த்தமுள்ள யோசனை. ஐபிவி4-ல் எண்கள் பக்கத்தில் இருந்தால் ஊரும் பக்கத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாதே. டிஎன்எஸ்ஸில் பல முகவரிகளைச் சுழற்றிச் சுழற்றிக் கொடுத்துச் சுமையைப் பங்கிட்டவர்கள், எல்லாரும் ஒரே சர்வரில் வந்து குவிவதைக் கண்டார்கள். டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டில் இந்த வழக்கு தொழில்நுட்பக் குழுவரை போனது. ஐபிவி4-க்கு அந்த விதி வேண்டாம் என்று 2007-ல் முடிவானது. விதியை எழுதியவர்கள் நிரலாளருக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

சரி, என் ஹோஸ்ட்ஸ் கோப்புக் கதைக்குத் திரும்புகிறேன். கோப்பு, சன் நிறுவனத்தின் என்ஐஎஸ், டிஎன்எஸ் என்று பெயர்களுக்குப் பல மூலங்கள் பெருகியபோது, எதை முதலில் கேட்பது என்று தீர்மானிக்க, சன்னின் சொலாரிஸ் யூனிக்ஸில் ஒரு ஏற்பாடு வந்தது. என்எஸ்ஸ்விட்ச் டாட் கான்ஃப் என்ற கோப்பு. லினக்ஸும் அதைச் சுவீகரித்தது. அதில் ஹோஸ்ட்ஸ் என்று தொடங்கும் வரியில் ஃபைல்ஸ், டிஎன்எஸ் என்று இருந்தால் முதலில் கோப்பு, அதில் இல்லாவிட்டால்தான் நெட்வொர்க். என் வழக்கில் கோப்பிலேயே விடை கிடைத்துவிட்டதால் டிஎன்எஸ்ஸுக்குக் கேள்வியே போகவில்லை. டிக் இந்தக் கோப்பை ஏறிட்டும் பார்ப்பதில்லை. நிரல் பார்ப்பதையே பார்க்க வேண்டுமென்றால் கெட்என்ட் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ் என்று கொடுத்துப் பெயரைத் தட்டினால் உள்ளே கெட்அட்ரின்ஃபோவையே கூப்பிட்டு, அதே வரிசையில் காட்டும். அன்று மாலை இது தெரிந்திருந்தால் ஏழு மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பேன்.

அதே வரியில் மாட்டிக்கொள்ள இன்னொரு பொறியும் உண்டு. பல டெஸ்க்டாப் லினக்ஸ்களில் ஃபைல்ஸுக்கும் டிஎன்எஸ்ஸுக்கும் நடுவே எம்டிஎன்எஸ் வந்து உட்கார்ந்திருக்கும். லோக்கல் என்று முடியும் பெயர்களை அக்கம்பக்கத்துக் கணினிகளிடமே விசாரிக்கும். இல்லை என்று பதில் வந்தால் அத்தோடு நிறுத்து என்றும் ஒரு நிபந்தனை பக்கத்தில் இருக்கும். அலுவலகத்தின் உள் டிஎன்எஸ்ஸில் லோக்கல் என்றே முடியும் பெயர்களை வைத்திருந்தால், டிக்கில் விடை வரும், பிங்கில் வராது.

டிஎன்எஸ்ஸின் முறை வந்தால் லைப்ரரி படிப்பது, எந்த டிஎன்எஸ் சர்வர்களைக் கேட்பது என்று எழுதியிருக்கும் ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பை. அதிகபட்சம் மூன்று சர்வர்கள். பதில் வராவிட்டால் 5 விநாடி காத்திருந்து அடுத்ததைக் கேட்கும். முதல் சர்வர் செத்துக் கிடக்கிறது என்பதை ஜிலிப்சி நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு தேடலிலும் அதையே முதலில் தட்டிவிட்டு 5 விநாடி நிற்கும். எதைத் திறந்தாலும் சரியாக 5 விநாடி தாமதம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்தக் கோப்பைத்தான். இன்னொரு சந்தேக ஆசாமி, ஐபிவி4, ஐபிவி6 என்று ஒரே சாக்கெட்டில் அடுத்தடுத்துப் போகும் இரண்டு கேள்விகளில் ஒன்றை விழுங்கிவிடும் ஃபயர்வால். இதற்கென்றே கேள்விகளை ஒவ்வொன்றாக அனுப்பு என்று சொல்லும் தெரிவுகள் அந்தக் கோப்பில் உண்டு.

கோப்பைத் திருத்தியும் நிரல் பழைய சர்வரையே கேட்கிறதா? 2017 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.26 பதிப்புக்கு முன்பு, ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ரிசால்வ் டாட் கான்ஃபைத் தானாக மறுபடி படிக்காது. மடிக்கணினியை வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு எடுத்துப் போனால் சில நிரல்கள் மட்டும் ஊமையானதற்குக் காரணம் இதுதான்.

என்டாட்ஸ் என்ற தெரிவையும் சொல்ல வேண்டும். பெயரில் இத்தனை புள்ளிகளுக்குக் குறைவாக இருந்தால், முதலில் நம் டொமைன்களைப் பின்னால் ஒட்டிப் பார் என்பது அதன் பொருள். வழக்கமான அளவு 1. நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெடிஸ், அவற்றில் இதை 5 என்று வைக்கிறது. அதனால் வெளியுலகப் பெயர் ஒன்றைத் தேடினால், உள்ளூர் வால்களை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்து, இல்லை இல்லை என்று பதில் வாங்கிவிட்டுத்தான் உண்மையான கேள்விக்கு வரும். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தால் இந்த ஒட்டுவேலை நடக்காது.

கன்டெய்னர் என்றதும் நினைவுக்கு வருவது ஆல்பைன் லினக்ஸ். அதில் இருப்பது ஜிலிப்சி இல்லை, மஸ்ல் என்ற வேறொரு சி லைப்ரரி. அது என்எஸ்ஸ்விட்ச் கோப்பைப் படிப்பதே இல்லை. மூன்று சர்வர்களையும் ஒரே நேரத்தில் கேட்டு, முந்தி வந்த பதிலை எடுத்துக்கொள்ளும். முதல் சர்வர் அலுவலகத்துடையது, இரண்டாவது பொதுச் சர்வர் என்று வைத்திருப்பவர்களுக்கு, உள் பெயர்கள் சிலசமயம் கிடைக்கும், சிலசமயம் கிடைக்காது. பெரிய விடைகளை டிசிபியில் வாங்கும் வசதியே 2023-ல் வந்த 1.2.4 பதிப்பில்தான் மஸ்லுக்கு வந்தது. ஒரே நிரல், ஒரே கேள்வி, லைப்ரரி மட்டும் வேறு.

இனி, கோப்பு காலத்தின் மிகப் பெரிய எச்சத்துக்கு வரலாம். கோப்பைப் படிப்பது நொடியில் முடியும் வேலை, அதனால் ஃபங்ஷன் முடியும்வரை நிரல் நிற்பதில் தவறில்லை. நெட்வொர்க்கில் கேட்டால் பதிலுக்கு எத்தனை விநாடி ஆகும் என்று யார் கண்டது? கெட்அட்ரின்ஃபோவுக்குக் காலக்கெடு விதிக்கும் அளவுரு இல்லை. நடுவில் நிறுத்தச் சொல்லும் வழியும் இல்லை. விடை எவ்வளவு நேரத்துக்குச் செல்லுபடியாகும் என்று டிஎன்எஸ் சொல்லியனுப்பும் காலமும் நிரலுக்கு வந்து சேராது, கோப்பில் அப்படி ஒன்று இல்லையே. புதிதாக எழுதும்போதாவது இதைச் சேர்த்திருக்கலாம் என்பது என் வருத்தம். ஐபிவி6-க்கு இடம் கொடுப்பதில் இருந்த அக்கறை இதில் இல்லாமல் போயிற்று.

அதனால் ஒவ்வொரு மொழியும் சுற்றுவழி தேடுகிறது. நோட் ஜேஎஸ் இந்த அழைப்பைத் தனி த்ரெட்டுகளுக்குத் தள்ளிவிடும், ஆனால் அந்த த்ரெட்டுகள் வழக்கமாக 4 மட்டுமே. மெதுவான தேடல்கள் சில மாட்டிக்கொண்டால் அடுத்து வரும் தேடல்களும் வரிசையில் காத்து நிற்கும். கோ மொழி பல இடங்களில் சி லைப்ரரியே வேண்டாம் என்று தானே டிஎன்எஸ் பேசுகிறது, என்எஸ்ஸ்விட்ச் கோப்பைப் படித்துப் பார்த்துத் தன்னால் முடியாத ஏற்பாடு இருந்தால் மட்டும் சி லைப்ரரியிடம் போகிறது. சி-ஏரெஸ் போன்ற தனி லைப்ரரிகள் காத்திருக்காமல் கேட்கும், அதற்கு விலையாக, கணினியின் பெயர் மூலங்கள் எல்லாவற்றையும் அவை மதிப்பதில்லை.

முகவரியிலிருந்து பெயரைத் தேடும் எதிர்த்திசைக்குக் கெட்நேம்இன்ஃபோ இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஒரு எச்சரிக்கை தவிர. அது தரும் பெயரை முகவரியின் சொந்தக்காரர் தன் விருப்பப்படி எழுதிவைக்கலாம். அதை நம்பிக் கதவைத் திறக்கக்கூடாது. கிடைத்த பெயரை மறுபடி முன்திசையில் தேடி அதே முகவரி வருகிறதா என்று பார்ப்பதுதான் பழைய கைகளின் வழக்கம். வெறும் எண்ணாகவே வேண்டும் என்றால் அதற்கான கொடியைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஒரு லாக் வரி எழுத டிஎன்எஸ் பதிலுக்காக நிரல் காத்துக் கிடக்கும்.

கடைசியாக நம் எழுத்து. 2007 அக்டோபரில் டிஎன்எஸ்ஸின் மூல மண்டலத்தில் ஆங்கிலமல்லாத எழுத்துகளைச் சோதிக்க 11 பெயர்களைச் சேர்த்தபோது, அவற்றில் ஒன்று தமிழ்: பரிட்சை. உதாரணம் டாட் பரிட்சை என்று ஒரு முகவரியும் இயங்கியது. இன்று இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்கும் தமிழில் உயர்நிலை டொமைன்கள் இருக்கின்றன. கம்பியில் போவது தமிழ் இல்லை, பியூனிகோடு என்ற முறையில் ரோமன் எழுத்தும் இலக்கமுமாக மாற்றிய வடிவம். அந்த மாற்றத்தைக் கெட்அட்ரின்ஃபோ தானாகச் செய்யாது. ஜிலிப்சியில் அதற்கென்று உள்ள ஐடிஎன் கொடியைப் போட வேண்டும், கணினியில் லிப்ஐடிஎன்2 இருக்க வேண்டும். பிங் இப்படித்தான் செய்கிறது. கொடியைப் போட்டும் விடை வராமல் மாற்றப் பிழை வந்தால், நிரலின் தொடக்கத்தில், மொழியையும் எழுத்து முறையையும் அமைக்கும் செட்லோக்கேலைக் கூப்பிட்டீர்களா என்று பாருங்கள். கூப்பிடாவிட்டால் நிரல் வெறும் சி லோக்கேலில் ஓடுகிறது, அதற்கு ஆஸ்கி என்ற அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுப்புக்கு வெளியே எழுத்தே கிடையாது. நீங்கள் கொடுத்த "இந்தியா" அதன் கண்ணுக்கு எந்த எழுத்திலும் சேராத பைட்டுகளின் வரிசை.